புது வேலை, ஆஃபர் லெட்டர் இங்கிலீஷ்

தம்பி போன வாரம் ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில ஜாயின் பண்ணான், தமிழ் மீடியம் படிச்ச புள்ள, ஹெச்ஆர் மேடம் கடகடன்னு இங்கிலீஷ்ல சொன்னதுக்கெல்லாம் "ஓகே மேடம்"னு தலையாட்டிட்டு வந்துட்டான். ராத்திரி உக்காந்து ஆஃபர் லெட்டரை வரி வரியா படிச்சோம். சிடிசினு (நமக்காக கம்பெனி வருஷத்துக்கு செலவழிக்கற மொத்தம்) போட்டிருக்கற தொகை அப்படியே கைக்கு வராதுங்க, கம்பெனி கட்டற பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), பல இடத்துல கிராஜுவிட்டி (பணிக்கொடை) கூட அதுக்குள்ளயே அடங்கியிருக்கும், அதுபோக நம்ம பங்கா பேசிக் சம்பளத்துல 12% பிஎஃப்க்குப் போயிடும், இது தெரியாம சிடிசிய பன்னெண்டால வகுத்துப் பாத்து வாடகைக்கு வீடு பேசிடாதீங்க. "டேக் ஹோம் எவ்ளோ மேடம்?"னு, அதாவது கைக்கு எவ்ளோ வரும்னு கேளுங்க, கிராமர் தப்பானா என்ன, அது உங்க சம்பளம். மறுநாள் தம்பி ரெண்டே வரில மெயில் போட்டான், மதியமே சம்பளத்தைப் பிரிச்சுக் காட்டற ப்ரேக்கப் வந்துடுச்சு. நோட்டீஸ் பீரியட் (வேலைய விடறதுக்கு எவ்ளோ நாள் முன்னாடி சொல்லணும்ங்கறது), ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்) எத்தனை மாசம்னும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும், சில கம்பெனில நோட்டீஸே 90 நாள் வச்சிருக்காங்க. முன்னாடி வேலை பாத்தவங்கன்னா பிஎஃப்க்கான பழைய யூஏஎன் நம்பரையே குடுங்க, ஒரு ஆளுக்கு ஒரே நம்பர்தான்.