மூன்று புள்ளிகள்

ஜப்பானிய மொழிப் பேச்சுப் பயிற்சிக்காக நான் எழுதிய பாடங்களில், அழைப்பை மறுக்கும் உரையாடல் ஒன்று உண்டு. 'நாளைக்குப் படத்துக்குப் போகலாமா?' என்று ஒருவர் கேட்பார். மற்றவர் 'அஷிதா வா ச்சொத்தோ...' என்று இழுத்து நிறுத்துவார். ச்சொத்தோ என்றால் கொஞ்சம். 'நாளைக்குக் கொஞ்சம்...' அவ்வளவுதான் பதில். மீதியைக் கேட்டவரே புரிந்துகொள்ள வேண்டும்.

சரிபார்த்த மூத்த ஆசிரியர் அந்த மூன்று புள்ளிகளைச் சுழித்திருந்தார்.

"வாக்கியம் பாதியில நிக்குதேம்மா?"

"அப்படித்தான் சார் பேசுவாங்க."

"பேசட்டும். ஆரம்பத்துல இருக்கிறவங்க முதல்ல முழுசாச் சொல்லக் கத்துக்கட்டும்."

சரி சார் என்றேன். 'இயே, இகிமஸென்' என்று மாற்றினேன்: இல்லை, போக மாட்டேன். அதோடு நிற்காமல், தயங்கும்போது வரும் 'ஏத்தோ', 'அனோ' எல்லாவற்றையும் நானே நீக்கினேன். அதை யாரும் கேட்கவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வின் ஐந்து நிலைகளிலும் சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல்தான். பேச்சு கிடையாது. அதற்குத் தயாராகிறவர்களுக்கு முழு வாக்கியம்தானே உதவும்?

அப்புறம் ஒருநாள் ஜப்பானிய அம்மா ஒருவர் வகுப்புக்குப் பேச வந்தார். பாட அட்டையைப் பார்த்து அவர் அழைக்க, மாணவர் ஒருவர் தெளிவான உச்சரிப்பில் பட்டென்று 'இயே, இகிமஸென்' என்றார். அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. 'ஆ... சோ தெஸு கா', அதாவது 'ஓ, அப்படியா', மட்டும் தாமதமாக, தணிந்து வந்தது.

மாணவர் என்னைப் பார்த்தார். "சரியாச் சொன்னேனா மிஸ்?"

"சரி" என்றேன்.

இலக்கணப்படி சரிதான். ஆனால் தமிழில் அவர் இப்படி மறுத்திருப்பாரா? 'பார்க்கலாம்' என்று இழுத்திருப்பார். மனம் நோகாமல் மறுக்க அவருக்கு ஏற்கெனவே தெரியும். அதைத்தான் நான் பாடத்திலிருந்து எடுத்திருந்தேன்.

புள்ளிகளை நீக்காமல் விட்டிருந்தால் மட்டும் அந்த இழுப்பு வந்திருக்குமா? இப்போது திரும்பச் சேர்த்திருக்கிறேன். போன வாரம் ஒருவர் 'ச்சொத்தோ!' என்று உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குரல் தணிவதை அச்சில் எப்படிக் காட்டுவது? அழைப்பவருடைய அட்டையில் 'அவர் நிறுத்தியதும் நீங்கள் பேசுங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். ஓரளவு பலன் இருக்கிறது.

அந்த மாணவர் படிப்பை முடித்துப் போய்விட்டார். அன்று சொன்ன 'சரி'யை இன்னும் அவரிடம் திருத்தவில்லை.