தந்தி நகரவில்லை

எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்குத் தந்தி என்று பேர் வைத்தவன் நான்தான். 36 வருடம் தபால் துறையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் வேறு என்ன பேர் வைப்பான்? மனைவிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "தந்தி வந்திருக்குன்னு சொன்னாலே எங்க வீட்டுல, பிரிச்சுப் பாக்குறதுக்கு முன்னாடியே ஒப்பாரி ஆரம்பிச்சிரும். வாசல்ல நின்னு அந்தப் பேரைச் சொல்லியா கூப்பிடச் சொல்றீங்க?" என்றாள். 2013 ஜூலையோடு தந்தி சேவையே நின்றுவிட்டது, இனி யார் வீட்டுக்கும் வரப்போவதில்லை, பேராவது மிஞ்சட்டும் என்று சமாதானம் சொன்னேன்.

வேகத்தை நினைத்து வைத்த பேர். அங்கேதான் கணக்கு தப்பியது.

ராஜபாளையத்தில் இருக்கும் சித்தி மகன் கொடுத்த குட்டி. பங்குனிக் கடைசியில், 50 நாள் குட்டியாக, துண்டில் சுற்றி மடியில் வைத்துப் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்தேன். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். 2005-இல் நம் ஊர் நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டார்கள். ராம்பூர், முதோல், இமயமலை ஆட்டு நாய், அப்புறம் நம்ம ராஜபாளையம். அந்தத் தாளைக் கவுண்டரில் கிழித்துக் கிழித்துக் கொடுத்த நாளிலிருந்து எனக்கு இந்த ஆசை. வாடகை வீடு, இடமாற்றம் என்று தள்ளிப்போய், ஓய்வுக்குப் பிறகுதான் வாய்த்தது.

முதல் இரண்டு மாதம் தெருவுக்கே விடவில்லை. கால்நடை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்வோ என்கிற குடல் நோய் கிருமி தெரு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம், தடுப்பூசி வரிசை முடியும்வரை தரையில் கால் படக் கூடாது, ஆனால் தூக்கிக்கொண்டு போய் ஊரைக் காட்டுங்கள் என்றார். சின்ன வயதில் பார்க்காததை எல்லாம் வளர்ந்த பிறகு பேய் மாதிரி பார்க்குமாம். அதனால் தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு திண்ணையில் நின்றேன். ஆட்டோ, சைக்கிள் கோன் ஐஸ்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குரங்கு எல்லாம் பார்த்தான். ஒன்றுக்கும் பயப்படவில்லை. இடுப்பில் இருக்கும்போது பெரிய வீரன்.

ஆனியில் ஊசி எல்லாம் முடிந்தது. கடைக்குப் போய்ப் பெல்ட்டும் சங்கிலியும் கேட்டேன். ராஜபாளையம் என்று சொன்னதுமே கடைக்காரர் ஒரு இரும்புச் சங்கிலியை எடுத்துப் போட்டார். "வளர்ந்தா இது அத்துட்டு ஓடும் சார், இதான் தாங்கும்." வளர்ந்த நாயைக் கட்டிப்போட வேண்டிய சங்கிலியை நாலு மாதக் குட்டிக்கு விற்றார், நானும் வாங்கினேன். அதை மாட்டியதும் தந்தி கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தண்டனைக் கைதி பரவாயில்லை.

வாசற்படி வரை வந்தான். அங்கே உட்கார்ந்தான்.

இழுத்தேன். பின்னங்காலைப் பரப்பி இன்னும் அழுத்தி உட்கார்ந்தான். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பெல்ட் காது வரை ஏறி, முகத் தோலெல்லாம் முன்னால் சுருங்கி வந்ததே தவிர உடம்பு அங்குலம்கூட அசையவில்லை. எதிர்த்த வீட்டு அத்தை கோலப் பொடிக் கிண்ணத்தோடு நின்று பார்த்துவிட்டு, "என்ன சார், தேர் நிலையை விட்டுக் கிளம்பலையா?" என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எது நகரவில்லை என்றாலும் எங்களுக்குத் தேர்தான் ஞாபகம் வரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆடிப்பூரத் தேர் ரத வீதிகளைச் சுற்றி நிலைக்கு வர நாள்கணக்காகும். இரும்புச் சக்கரம் போட்ட பிறகு அன்றைக்கே வந்துவிடுகிறது. என் தேருக்கு நாலு காலிலும் முட்டுக்கட்டை.

ஒரு வாரம் இதே கதை. எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. இவனுக்குக் காது கேட்கவில்லையோ? வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் சிலதுக்குப் பிறவியிலேயே செவிடு உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே வகைச் செல் உள்காதுக்கும் தேவை, அது இல்லாமல் போனால் கேட்கும் திறனும் போய்விடும் என்று மருத்துவர் விளக்கினார். சோதிக்கிற விதத்தையும் சொன்னார். காலைத் தரையில் உதைக்கக் கூடாது, அதிர்வு தெரிந்து திரும்பிவிடும். கை தட்டினால் காற்று படலாம். குட்டி தூங்கும்போது பின்பக்கம் தள்ளி நின்று, அது பார்க்காத இடத்தில் சத்தம் கொடுக்க வேண்டும். அன்று மதியம் தூங்குகிறவனுக்குப் பின்னால் நின்று சாவிக் கொத்தை லேசாகக் குலுக்கினேன். காது விறைத்து எழுந்து உட்கார்ந்தான். சாவியா! இவனுக்குக் காது கேட்கிறது. நான் சொல்வதைத்தான் கேட்கவில்லை.

அடுத்த நாள் பெரிய கூத்து. அவனை எப்படியோ தெருமுனை வரை நகர்த்திவிட்டேன். சைலன்சர் இல்லாத புல்லட் ஒன்று பக்கத்தில் போனது. தந்தி அப்படியே பின்னால் போனான். முன்னால் இழுத்தவன் நான், பின்னால் போனவன் அவன், நடுவில் பெல்ட் தலை வழியாகக் கழன்று என் கையில் தொங்கியது. இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். பின்னால் போனால் சாதாரண பெல்ட் காதைத் தாண்டி வழுக்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நின்றுகொண்டிருந்த குட்டி யானை வண்டிக்கு அடியில் புகுந்தவனை எடுக்க முக்கால் மணி நேரம் வேட்டியோடு மண்ணில் படுத்துக் கிடந்தேன். கடைசியில் வெளியே வர வைத்தது பக்கத்து வீட்டுப் பையன் நீட்டிய பால்கோவா. இனிப்பு நாய்க்கு ஆகாது, தெரியும். அன்றைக்கு வேறு வழியில்லை.

மாலையில் டீக்கடையில் இந்தப் புலம்பலைக் கொட்டினேன். கடைக்காரர் வாலிப வயதில் வருடம் தவறாமல் வடம் பிடித்தவர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "சார், இழுக்கும்போது நீங்க எந்தப் பக்கம் பாத்து நிப்பீங்க?"

"அவனைப் பாத்துத்தான்."

"வடம் பிடிக்கிறவன் தேரைப் பாத்துக்கிட்டா நிப்பான்? முதுகைக் காட்டிட்டு நடப்பான்ல?"

எனக்குச் சுருக்கென்றது. நான் அவனுக்கு எதிரே நின்று, முறைத்துப் பார்த்து, "வா, வா" என்று அதட்டி, சங்கிலியையும் இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எதிரே ஆள் மறித்து நின்றால் குட்டி எங்கே வரும்? மருத்துவரும் பிறகு அதையே வேறு விதமாகச் சொன்னார். கழுத்தில் இழுப்பு விழுந்தால் எதிர்ப்பக்கம் உடம்பைக் கொடுத்து நிற்பது நாயின் இயல்பு, அடம் இல்லை, இழுக்க இழுக்க உட்காரத்தான் செய்யும் என்றார். 36 வருடம் தபால் பையின் வாயை இறுக்கிக் கட்டின கை. தளர விடுவது அதற்குத் தெரியாது.

சங்கிலியைக் கொல்லைப்புறக் கதவுக்குப் போட்டாயிற்று. நெஞ்சையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கிற ஹார்னஸ் ஒன்று வாங்கினேன். வாரைப் போட்டால் அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. கயிற்றுக்கு மனைவியின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துப் பின்னினோம். கனமே இல்லை. நாலு நாள் அதை வீட்டுக்குள் சாப்பிடும் நேரத்தில் மட்டும் மாட்டிவிட்டு, கண் பார்வையில் இழுத்துக்கொண்டு திரிய விட்டோம். முதல் நாள் கயிற்றைக் கடித்தான், இரண்டாம் நாள் சொறிந்தான், மூன்றாம் நாள் அது இருப்பதையே மறந்துவிட்டான்.

வெளியே மட்டும் அதே கதைதான். வாசற்படியில் உட்காரல்.

திரும்பத் தேரிடமே போனேன். குட்டிக்கு வீட்டை விட்டுப் போகத்தான் மனசில்லை, நிலைக்குத் திரும்பவா கசக்கும்? ஒரு நாள் விடியற்காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருக்குழாயடியில் இறக்கிவிட்டேன். வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, கயிறு தொய்யும்படி விட்டு, அவனைப் பார்க்காமல் நான் பாட்டுக்கு நடந்தேன். இரண்டு எட்டு. பின்னால் நகக்கால் சத்தம். டிக் டிக் டிக் என்று, அந்தக் காலத்துத் தந்திக் கருவி மாதிரியே. திரும்பிப் பார்க்க ஆசை, பார்க்கவில்லை. என்னையும் தாண்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவித்த முட்டையில் சுண்டுவிரல் நகம் அளவு கொடுத்தேன்.

மறுநாள் ரேஷன் கடை. அதற்கு மறுநாள் ரத வீதி முக்கு. போகும்போது என் இடுப்பில், வரும்போது அவன் காலில். ஊர் சிரித்தது. "வாக்கிங் போறது யாரு சார்?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. வழியில் நின்றுவிட்டால் நானும் நிற்பேன், இழுக்கமாட்டேன், கயிறு தொய்ந்தபடியே இருக்கும். மோந்து முடித்து அவனே கிளம்பும் வரை நான் போஸ்டரைப் படிப்பேன். ஒரே போஸ்டரை ஒன்பது முறை படித்த நாளும் உண்டு. மாலை நடையை மட்டும் விட்டுவிட்டேன். 5 மணிக்கும் தார் ரோடு கொதிக்கிறது. புறங்கையை வைத்து ஐந்து எண்ணும்வரை என்னாலேயே தாங்க முடியவில்லை, அவனுக்குச் செருப்பா இருக்கிறது?

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, தூக்கக் குனிந்தேன். நழுவினான். படியில் இறங்கி, தெருவில் நின்று, திரும்பி என்னைப் பார்த்தான். கயிறு என் கையில்தான் இருந்தது. மனைவி உள்ளே இருந்து, "ஏங்க, பால் பொங்குது" என்று கூப்பிட்டதை அன்றைக்கு நான் கேட்கவில்லை. பால் போனது பற்றி இன்றுவரை பேச்சு இருக்கிறது.

இப்போது தினமும் காலை 6 மணிக்கு டீக்கடை வரை போய்த் திரும்புகிறோம். அணிலைக் கண்டால் மட்டும் என் தோள்மூட்டுக்கு ஆபத்து, அதை இன்னும் பழக்க வேண்டும். போன வாரம் நாங்கள் போய்ச் சேர்ந்ததும் கடைக்காரர் வழக்கம்போல உள்ளே பார்த்துச் சத்தமாக, "சாருக்கு ஒரு டீ, தந்தி வந்துருச்சு!" என்றார். பெஞ்சில் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், எண்பது வயது இருக்கும். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, "யாருக்குப்பா?" என்று கேட்டார்.