வெடியேற்று

28 அக்டோபர் 2024, திங்கள்

கம்பத்திலிருந்து குமுளி, குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு, அங்கிருந்து தேயிலை எஸ்டேட்டுக்கு ஜீப். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர இருட்டிவிட்டது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கிராஜுவிட்டிப் பணம் முழுசாகக் கைக்கு வராமல் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கூரைமேல் புதுசாக ஒரு தார்ப்பாய் ஏறியிருக்கிறது. மற்றபடி எல்லாம் போன வருடம் விட்டுப்போனது போலவே.

காலண்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31. இந்திரா காந்தியைச் சுட்ட தேதி, நாற்பது வருடம் ஆகிறது.

"அன்னைக்கு நீ எங்கம்மா இருந்த?"

"எங்க இருப்பேன், கொழுந்து எடுக்கிற நிரையிலதான். அந்த அதிரச மாவைத் தொட்டுப் பாரு, பதம் வந்துருச்சான்னு."

29 அக்டோபர், செவ்வாய்

என் கதையை முதலில் எழுதிவிடுகிறேன். 1984இல் எனக்குப் பத்து வயது, எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அன்று புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் சார் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, லீவு கிடைத்தால் யார் கேட்பார்கள்?

ஃபாக்டரிக்குக் கீழே டீக்கடையில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். மலையாளச் செய்தி ஓடியது. 'இந்திராகாந்திக்கு வெடியேற்று' என்று காதில் விழுந்தது. மலையாளத்தில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடும்தான். லயத்துப் பிள்ளைக்கு வெடி என்றால் ஓலைவெடி, லட்சுமி வெடி. ஓடிப்போய் அப்பத்தாவிடம், இந்திரா காந்தி வெடி வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டார்களாம் என்று சொன்னேன்.

அப்பத்தா உரலைவிட்டு எழுந்திருக்கவில்லை. "தீவாளி முடிஞ்சு இத்தனை நாளாச்சே, இன்னுமா வெடி போடுறாக? தேங்காண்ணெய் தடவுனா சரியாப் போகும்."

சாயங்காலம் வரை எங்கள் வீட்டில் இந்திரா காந்திக்கு விரல்தான் வெந்திருந்தது. உண்மையில் காலை ஒன்பதேகால் வாக்கில், தன் வீட்டிலிருந்து பக்கத்து அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியில், சொந்தப் பாதுகாவலரான சீக்கியர் இரண்டு பேர் அவரைச் சுட்டிருந்தார்கள். அகில இந்திய வானொலி அவர் இறந்துவிட்டதாகச் சொல்லவே மாலையாகிவிட்டது. அதற்குள் பிபிசி சொல்லிவிட்டது.

30 அக்டோபர், புதன்

இன்று லயம் லயமாகப் போய்க் கேட்டேன். பெரிய பலன் இல்லை. பந்த் மூன்று நாளா நான்கு நாளா, அதில் எத்தனை நாளுக்குக் கூலிக்கணக்கில் பேர் போட்டார்கள் என்பதில் இரண்டு தாத்தாக்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். மேல் லயத்து மாமா, மூன்றாம் தேதி நடந்த தகனத்தைக் குமுளியில் ஒரு கடையில் டிவியில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். "அப்ப ஏதுங்க டிவி? கம்பத்துல சினிமாவுக்கு முன்னால போட்ட நியூஸ்ரீலைப் பாத்துட்டு வந்து சொல்றீக" என்று அத்தை மடக்கினாள். எனக்கும் அத்தை சொல்வதுதான் சரியென்று படுகிறது.

31 அக்டோபர், வியாழன்

விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே அம்மா தானாகச் சொன்னாள். திங்கட்கிழமை மாவைக் காட்டிப் பேச்சை மாற்றியவள்தான்.

அன்று நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்களாம். வேலையை மேற்பார்க்கும் கங்காணி மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டு வீணை போடுகிறான் என்றார். யார் போனது என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அந்த மாதம் 5ஆம் தேதியிலிருந்து எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோவில் கிடக்கிறார். இந்திரா காந்தியே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அத்தனை பெண்களும் மலையிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருக்கிறார்கள். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டதில் தாலிக்கயிறு அறுந்ததாம்.

எடை போடும் ஷெட்டுக்கு இறங்கி வந்ததும் கணக்குப்பிள்ளை வைதார். "கூறுகெட்டவளுகளா, தலைவர் நல்லாத்தான் இருக்காரு. போனது இந்திரா காந்தி."

அம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றது.

"எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுடி. அந்தம்மாவும் நம்மள மாதிரி ஒரு பொம்பளை, சொந்த வீட்டு வாசல்ல வச்சுச் சுட்டுருக்கானுக. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் மறுபடி எல்லாரும் அழுதோம். அழுத கண்ணு அதேதான், ஆளைத்தான் மாத்திக்கிட்டோம்."

அப்பாவிடம்கூடச் சொன்னதில்லையாம். வெளியே பிள்ளைகள் சரவெடி கொளுத்திவிட்டார்கள், அதற்குமேல் பேச்சு கேட்கவில்லை.

1 நவம்பர், வெள்ளி

கேரளப் பிறவி, மாநிலம் பிறந்த நாள். வண்டிப்பெரியாறு கடைத்தெருவில் கசவுச் சேலைகள்.

ஆண்டிப்பட்டிச் சித்தப்பாவுக்கு ஃபோன் செய்தேன். அவருக்கு அக்டோபரே ஞாபகமில்லை, டிசம்பர்தான். எம்.ஜி.ஆர். நவம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவுக்குப் போய், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் நின்று, தொகுதியை எட்டிப் பார்க்காமல் ஜெயித்த கதையை அரைமணி நேரம் சொன்னார். டிசம்பர் 24, சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்த்து ஓட்டு. "இந்திரா செத்தது எப்ப சித்தப்பா?" "அதுவா, எலெக்சனுக்குக் கொஞ்சம் முன்னாடி."

ஒன்று உறுத்துகிறது. நான் கேட்டவர்களில் ஒருவர்கூட டெல்லியைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தச் சில நாட்களில் டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கு. நாங்கள் லயத்தில் கப்பைக் கிழங்கு அவித்துத் தின்றுகொண்டு, பேர் விழுமா விழாதா என்று பேசிக்கொண்டிருந்த அதே நாட்கள். இவர்களைச் சொல்லி என்ன, கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகைக் கட்டைப் புரட்டும்வரை எனக்கே தெரியாது. நாங்கள் பார்த்த சர்தார்ஜி, கோட்டயம்-குமுளி ரோட்டில் எப்போதாவது போகும் லாரி டிரைவர் மட்டும்தான்.

3 நவம்பர், ஞாயிறு

ஜீப் பத்தரைக்கு. அம்மா அதிரசத்தை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வந்தாள். அன்று அம்மாவுக்கு அடுத்த நிரையில் நின்றவள். இவளைக் கேட்காமல் போனால் எப்படி?

"எம்.ஜி.ஆர். போயிட்டாருன்னு நெனச்சு அழுதீங்களாமே பெரியம்மா?"

"யாரு சொன்னா? கங்காணி வந்து சொன்னப்பவே இந்திராம்மான்னுதான் சொன்னாரு. அந்தம்மாவுக்குத்தான் அழுதோம், முதல்லேர்ந்தே. என்ன தங்கச்சி?"

அம்மா டப்பா மூடியை அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "நீ டீ குடிக்கிறியா?"