வாயே ரெபோ: ஏறுவதும் தங்குவதும் இறங்குவதும்

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் லபுவான் பாஜோவில் இறங்கி, படகேறி, கொமோடோ உடும்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே ஊரிலிருந்து மலைப்பக்கம் திரும்பினால், மங்கராய் மக்களின் வாயே ரெபோ கிராமம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல், சுற்றிலும் காடு, நடுவில் கூம்பு வடிவில் ஏழு வீடுகள். வண்டிப்பாதை கிடையாது. கடைசிப் பகுதியை நடந்துதான் கடக்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு இந்தோனேசியாவில் வந்திறங்கியதும் பெறும் விசா உண்டு: 30 நாள், 5,00,000 ரூபியா. இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். பாலியிலிருந்து லபுவான் பாஜோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மதிய விமானத்தில் வந்து அன்றே மலை ஏறிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள், நடக்காது. அன்றிரவு லபுவான் பாஜோவில் படுத்து, மறுநாள் காலை ஆறு மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும். முதல் நாளே ஏடிஎம்மில் பணம் எடுத்துவிடுங்கள். மலையடிவாரத்தில் ஏடிஎம் கிடையாது, மேலே எல்லாமே ரொக்கம். 50,000, 20,000 தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் தாளுக்குச் சில்லறை கிடைப்பது பெரும்பாடு.

அடிவாரக் கிராமம் டெங்கே. லெம்போர் சமவெளியின் நெல்வயல்களைத் தாண்டி, டிந்தோர் வழியாகப் போக வேண்டும். தூரம் பெரிதில்லை, வளைவுதான் அதிகம். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. டிந்தோரில் கடலோரம் வந்ததும் எதிரே மூலெஸ் தீவு தெரியும், அங்கிருந்து சாலை மேலே திரும்பிவிடும். ருத்தேங் நகரப் பக்கமிருந்தும் வரலாம்: சாஞ்சாரில் சிலந்திவலை போல வகுத்த வயல்களைப் பார்த்துவிட்டு, தோடோ வழியாக. செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ருத்தேங்கிலிருந்து பலகை இருக்கை போட்ட லாரி உண்டு. அது நிரம்பினால்தான் கிளம்பும், ஊரூராக நிற்கும், அதனால் அன்றே ஏற நேரம் இருக்காது. லாரியில் வருகிறவர்கள் டெங்கேயில் ஓர் இரவு தங்குவதாகவே கணக்குப் போட வேண்டும்.

டெங்கேயில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். பாதை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே போனதும் முறைப்படி உங்களை ஊருக்குள் அழைத்துப் போக ஆள் வேண்டும். கனமான பெட்டியைத் தங்கும் வீட்டிலேயே வைத்துவிட்டு, முதுகுப்பையில் ஒரு நாள் துணி, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச், பவர் பேங்க், ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும்.

டெங்கேயிலிருந்து வாயே லொம்பா வரை பைக்கில் கொண்டுபோய் விடுவார்கள். வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். இறங்கி வரும்போதும் வண்டி வேண்டும் என்றால் அதையும் அப்போதே சொல்லி வையுங்கள். அங்கிருந்து நடை இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், மெதுவாக நடப்பவர்களுக்கு மூன்று. ஆரம்பத்தில்தான் ஏற்றம் கடுமை. பலருக்கும் மூச்சு வாங்குவது இங்கேதான், இதை வைத்து முழுப் பாதையையும் எடைபோட்டுப் பயந்துவிட வேண்டாம். நடுவில் போச்சோ ரோக்கோ என்ற இடத்தில் பள்ளத்தாக்கு திறக்கும். வீட்டுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அங்கே நின்று முயன்று பாருங்கள், மேலே ஊரில் சிக்னலை நம்ப முடியாது. அதற்கப்புறம் பெரும்பாலும் சமநடை, கடைசியில் காப்பித் தோட்டத்துக்குள் இறக்கம்.

வழுக்குவது மண்ணில் அல்ல, பாசி படிந்த கல்லில். தேய்ந்த அடிப்பாகமுள்ள ஓட்டப் பயிற்சிக் காலணிதான் இங்கே பலரையும் கீழே தள்ளுகிறது. மழைக்காலத்தில் அட்டை உண்டு; நீளமான சாக்ஸுக்குள் பேண்ட்டைச் செருகிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. எதிரே காப்பி மூட்டையைத் தோளில் சுமந்து வருகிறவர்களைப் பார்ப்பீர்கள். ஊருக்கு வேண்டிய அரிசி மேலே ஏறுவதும், விளைந்த காப்பி கீழே இறங்குவதும் இதே ஒற்றையடிப் பாதையில்தான். மலைச்சரிவுப் பக்கம் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிடுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள்.

ஊருக்குச் சற்று மேலே ஒரு சிறு குடில் வரும். வழிகாட்டி அங்கே தொங்கும் மூங்கிலைத் தட்டுவார்; விருந்தாளி வருகிறார் என்று கீழே தெரிவிக்கும் ஓசை அது. அந்தத் தருணத்திலிருந்து வரவேற்புச் சடங்கு முடியும்வரை படம் எடுக்கக் கூடாது. ஏழு வீடுகளும் பனிமூட்டத்தில் முதன்முதலாகத் தெரியும் இடத்தில் கை தானாகக் கைபேசிக்குப் போகும், அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். யாரிடமும் நின்று பேசாமல் நேராகத் தலைமை வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து நுழைந்து பாயில் உட்காருங்கள். பெரியவர் ஒருவர் மங்கராய் மொழியில் முன்னோர்களிடம் உங்கள் வரவைச் சொல்வார். வாயேலு என்கிற இந்தச் சடங்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும். காணிக்கையாகக் கொஞ்சம் பணம் வைப்பது வழக்கம். எவ்வளவு என்று வழிகாட்டியிடம் வழியிலேயே கேட்டு, தாளை மடித்துக் கையில் தயாராக வைத்திருங்கள். உள்ளே போய் பர்ஸைத் துழாவுவது பார்க்க நன்றாக இருக்காது.

முற்றத்தின் நடுவே வட்டமாகக் கல் அடுக்கிய மேடை இருக்கும். அது சொம்பாங் எனும் பலிபீடம். படத்துக்காக அதன்மேல் ஏறுவதும் உட்காருவதும் இங்கே பெரிய தப்பு. கணவன் மனைவியானாலும் வெளியில் கட்டிப்பிடிப்பதும் கூடாது.

தங்குவதற்கான கட்டணம் பல ஆண்டுகளாகத் தலைக்கு 3,25,000 ரூபியாவாக இருந்தது, சாப்பாடு உட்பட. தங்காமல் திரும்பினால் 2,25,000 வாங்கினார்கள். கூடினாலும் சமாளிக்க இரட்டிப்பாக எடுத்துப் போங்கள். என்னைக் கேட்டால் தங்காமல் வருவது வீண்வேலை. போக வர பத்து மணி நேரம் வண்டியில் குலுங்கி, ஐந்து மணி நேரம் நடந்து, ஊரில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருவதற்கா இவ்வளவு பாடு?

விருந்தினர் வீட்டில் சுவரை ஒட்டி வட்டமாகப் பாய் விரித்திருக்கும். எல்லோரும் அதே தளத்தில்தான் படுக்க வேண்டும். தனியறை கிடையாது, கழிப்பறை வெளியே. போர்வை தருவார்கள், இருந்தாலும் விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும். விளக்குக்கு மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், சார்ஜ் போடுவதை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். சோறு, முட்டை அல்லது கோழி, கீரை, சம்பால் எனும் மிளகாய்த் துவையல் எனச் சாப்பாடு எளிமைதான். சைவர்கள் சம்பாலைத் தொடும் முன் கேளுங்கள், இறால் விழுது சேர்ந்திருக்கும். சாப்பிடாதவற்றைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அரிசியே சுமந்து வரும் ஊரில் கடைசி நேரத்தில் மாற்றுச் சமையல் கேட்பது நியாயமில்லை.

வீட்டைக் கட்டியிருக்கும் விதத்தை உள்ளேயிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆணி கிடையாது, எல்லாம் பிரம்புக் கட்டு. ஐந்து தளம்: கீழே குடியிருப்பு, அதன்மேல் உணவும் பொருட்களும், மூன்றாவதில் விதை, நான்காவதில் பஞ்சகாலக் கையிருப்பு, உச்சியில் முன்னோர் படையல். கீழே எரியும் அடுப்பின் புகை மேலேறிக் கூரையையும் கயிற்றையும் பூச்சியிடமிருந்து காக்கிறது. ஒரு கட்டத்தில் நான்கு வீடுகளே மிஞ்சியிருந்தன. 2008-இல் வந்த கட்டடக் கலைஞர் யோரி அந்தாரின் குழு உதவியோடு, ஊராரே பழைய முறையில் மற்றவற்றை எழுப்பினார்கள். 2012-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் முதன்மை விருது இதற்குத்தான்.

மே முதல் செப்டம்பர் வரை பாதை காய்ந்திருக்கும், காப்பி முற்றத்தில் பாயில் காயும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், வார நாளாகப் பாருங்கள். பள்ளி நாட்களில் பிள்ளைகள் கீழுள்ள ஊரில் தங்கிப் படிப்பதால் ஊர் அமைதியாக இருக்கும். நவம்பரில் பெந்தி எனும் ஆண்டு விழா. அப்போது போக நினைத்தால் படுக்க இடத்தை முதலிலேயே உறுதி செய்யுங்கள்.

மறுநாள் காலை உணவு முடிந்ததும், எட்டு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மழை பிற்பகலில் பிடிக்கும், இறங்கும்போதுதான் முழங்காலும் வலிக்கும். வழிகாட்டியிடம் ஒரு மூங்கில் கழி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பிக்கொட்டை வாங்குவதாக இருந்தால் இறங்கும் முன் ஊர்ப் பெண்களிடமே வாங்குங்கள், பேரம் வேண்டாம். பத்தரைக்குள் வாயே லொம்பா வந்துவிட்டால், டெங்கேயில் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் லபுவான் பாஜோ போய்ச் சேரலாம். அன்றிரவுக்கு விமானம் எதுவும் போட்டு வைக்காதீர்கள்.