வாளியில் மிதந்த படலம்

"தம்பி, இஞ்ச ஒருக்கா வந்து பார்."

சுன்னாகத்தில் அம்மப்பா வெட்டின கிணறு அது. அம்மா வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றா. தண்ணீருக்கு மேலே மெல்லிய படலம். வெயில் பட்டதும் மயில் கழுத்து நிறத்தில் நெளிந்தது. விரலை வைத்தேன். பிசுபிசுத்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. அன்றைக்குத் தேத்தண்ணியிலும் அதே மணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, கிணறுதான் எல்லாம். மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. மழை இறங்குகிற வழியாலேயே எண்ணெயும் இறங்கும். சுன்னாகம் மின்நிலையக் காணியில் ஊறின கழிவெண்ணெய் வேலிக்குள் நிற்குமா? ஊர் ஊராகக் கிணறுகளில் தெரிந்தது. பிறகு தண்ணீர் பவுசர், நீலத் தாங்கி, குடங்களோடு வரிசை. ஒரு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது. இன்னொன்று பயமில்லை என்றது. குழந்தைக்குப் பால் கரைக்கிறவள் எதை நம்புவாள்?

போபாலைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாளிதான் ஞாபகம் வரும். 1984 டிசம்பர் 2 இரவு, இந்தியாவின் அந்த நகரத்துப் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 தொன் மீதைல் ஐசோசயனேட் என்ற நச்சுவாயு வெளியேறி, தூங்கிக்கொண்டிருந்த சனத்தின் மேல் இறங்கியது. தாங்கியைக் குளிராக வைத்திருக்கும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவை எரிக்கிற கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. பாதுகாப்பு எல்லாம் இருந்தது, ஓடவில்லை.

எங்களுக்கும் அதேதான் நடந்தது என்று நினைக்கிறேன். இலங்கையின் தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் வந்தது, போபாலுக்கும் முந்தியது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. ஒரு போத்தலோடு வந்து கிணற்றுத் தண்ணீர் எடுத்துப் பார்க்கத்தான் நேரத்துக்கு ஆள் இல்லை. எங்கள் மூக்குத்தான் முதல் ஆய்வுகூடம். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலும் நைத்திரிக் அமிலம் கசிவது தீப்பிடிக்க முன்னமே தெரிந்திருந்தது.

தெற்கிலிருந்து ஒரு சூழலியலாளர் எங்கள் கிணறுகளுக்காக உயர் நீதிமன்றம் போனார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. 2019 ஏப்ரல் 4ஆம் தேதித் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்று சொல்லி, 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் காசு கிணற்றுக்குள் இறங்காது.

நான் கேட்பது சின்ன விஷயம். எரிபொருள் தாங்கி இருக்கிற இடமெல்லாம், சுற்றியுள்ள கிணறுகளை மாதம் ஒருமுறை சோதியுங்கள். முடிவைத் தமிழில் எழுதிப் பிரதேச சபை வாசலில் ஒட்டுங்கள். அம்மா சந்தைக்குப் போகிற வழிதான், நின்று வாசிப்பா.