மரக்கால் கணக்கு

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் இருந்தபோது, பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளின் பதிவுகள் எங்களுக்கு வரும். 12 காற்றாலைகள், ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு ஒரு வரி. ஜூன் மாதப் பதிவு ஒரே ஃபைலாக வந்திருந்தது, 9 ஜிபிக்கு மேல். 12 × 30 × 86,400, அதாவது 3,11,04,000 வரிகள் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

பைத்தான் மொழியில் ரீட்லைன்ஸ் என்ற கட்டளையைப் போட்டேன். கணினியில் மெமரி 8 ஜிபிதான். ரீட்லைன்ஸோ ஃபைல் மொத்தத்தையும் மெமரிக்குள் இழுக்கும். வரிக்கு வரி தனிச்சரமாக வைப்பதால் ஃபைலைவிடக் கூடுதலாகவே இடம் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் உறைந்துவிட்டது. அதே கணினியில் இன்னொருவர் காலையிலிருந்து ஓட்டிய கணக்கும் போயிற்று. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மூத்தவரான அண்ணாச்சி திட்டவில்லை. "தம்பி, களத்துல பொலி மொத்தத்தையும் தூக்கி வச்சுக்கிட்டா நெல்லு அளப்பாவ?" என்று மட்டும் கேட்டார்.

அம்பாசமுத்திரத்தில் தாத்தா அளப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மரக்கால் அள்ளி, "லாபம்" என்று சொல்லிச் சாக்கில் கொட்டுவார். அடுத்தது "ரெண்டு". கையில் ஒரு மரக்கால், மனசில் ஓர் எண். அவ்வளவுதான்.

அப்படியே எழுதினேன். ஃபைலை பைனரியாக, அதாவது வெறும் பைட்டுகளாகத் திறந்து 1 எம்பி படிப்பது, அதில் வரிமுறிவுக்கான, அதாவது வரி முடிவதைக் காட்டும் 10 என்ற பைட் எத்தனை என்று கூட்டுவது, அப்புறம் அடுத்த 1 எம்பி. வரிவரியாகப் படித்தாலும் மெமரி தாங்கும். ஆனால் வரிமுறிவே இல்லாத ஃபைல் வந்தால் முழுசும் ஒரே வரியாகி மறுபடி உறையும். பதிவில் தமிழ் இருந்தாலும் சிக்கல் இல்லை: எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். அவற்றில் 10 வரவே வராது. அதனால் கணக்குப் பிசகாது.

விடை 3,11,03,999. ஒன்று குறைந்தது.

நான் எண்ணியது வரிமுறிவை, வரியை அல்ல. வரிகளை எண்ணித் தரும் டபிள்யூசி கட்டளையும் முறிவைத்தான் எண்ணும், அதனால் இதே எண்ணைத்தான் தந்தது. கடைசி வரிக்குப் பின் முறிவு இல்லையென்றால் ஒன்று கூட்ட வேண்டும். சரி, ஆனால் அந்த வரி பாதியில் அறுந்து வந்திருந்தால்? கூட்டுவதற்கு முன் அதை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஜூன் 30, 23:59:59. வரியில் இருக்க வேண்டிய எல்லா மதிப்புகளும் இருந்தன. ஒன்றைக் கூட்டினேன்.