விதைநெல் பக்கம்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 7, 2025, சனி

மச்சானும் அவர் கூட்டாளிகளும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மரபு நெல் போடுகிறார்கள். யாரிடம் என்ன விதை இருக்கிறது என்ற பட்டியல் இத்தனை நாளும் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிதாக்கினால் எழுத்து கலங்கும், தேடவும் முடியாது. "மாப்ளே, இதை ஒரு வெப் பக்கமா போட்டுக் குடுங்க. ரகத்தைத் தொட்டா விவரம் வரணும், நாளை வச்சுப் பிரிச்சுப் பாக்கணும்" என்றார்.

தொட்டால் விரிவதற்கு, வெப் பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பக்கமே போகவில்லை. பக்கத்தின் அமைப்பை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் 'டீடெயில்ஸ்' என்று ஒரு டேக் (ஒரு பகுதியைக் குறிக்கும் அடையாளம்) இருக்கிறது. அதற்குள் 'சம்மரி'யில் ரகத்தின் பெயர், கீழே மற்ற விவரம். அவ்வளவுதான், தொட்டால் விரியும், மறுபடி தொட்டால் மூடும். எல்லா டீடெயில்ஸுக்கும் ஒரே 'நேம்' கொடுத்துவிட்டால் ஒன்றைத் திறக்கும்போது முன்னால் திறந்திருந்தது தானே மூடிக்கொள்ளும். இந்த நேம் வசதி குரோமில் வந்தது 2023 கடைசியில்தான். பழைய பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது. திறந்தவை திறந்தபடியே இருக்கும், ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு காலத்தில் இதற்காகவே ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை இறக்கி, மேலே ஒரு பிளக்இன்னும் போடுவோம். இன்றைக்கும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிவதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ரகங்களை விளையும் நாள் கணக்கில் பிரிக்கும் வேலை. இதற்கு ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்) வேண்டும்.

ஒவ்வொரு ரகத்தின் டேக்கிலும் அதன் வயதை ஒரு 'டேட்டா' பண்பாக (டேக்கோடு நாமே ஒட்டிவைக்கும் தகவலாக) எழுதினேன். பெயரைத் தமிழிலேயே 'டேட்டா-நாள்' என்று வைத்தேன். பிரவுசர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மேலே ஒரு 'செலக்ட்' பெட்டி: 100 நாளுக்குள், 130 நாளுக்குள், எல்லாம். போனில் அதைத் தொட்டால் போனுக்கே உரிய தேர்வுப் பட்டியல் வரும். அழகாக இருக்கட்டும் என்று நாமே ஒரு பெட்டி வரைந்தால் அது கிடைக்காது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: டேட்டா பண்பில் இருப்பதும் செலக்ட் தருவதும் எண் அல்ல, எழுத்துச் சரம். 90ஐயும் 130ஐயும் சரமாக ஒப்பிட்டால் 90தான் பெரியது, ஏனென்றால் 9 என்ற எழுத்து 1க்குப் பிறகு வருகிறது. அப்படியே விட்டால் பூங்கார் மாதிரிக் குறுகிய நாள் நெல் '130 நாளுக்குள்' பட்டியலிலிருந்து காணாமல் போகும். இரண்டையும் 'நம்பர்' வழியாக அனுப்பி எண்ணாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். அறுபதாம் குறுவை முதல் வரியிலும், ஆறு மாசத்துக் காட்டுயானம் 'எல்லாம்' என்பதில் மட்டும் வருவதையும் பார்த்துவிட்டு மூடினேன்.

ஜூன் 10, செவ்வாய்

தேடல் பெட்டி. மொத்த வேலையில் சுவாரசியமான இடம் இதுதான்.

பெட்டியில் எழுத்து மாறும்போதெல்லாம் வரும் 'இன்புட்' நிகழ்வைக் கேட்டுக்கொண்டிருந்து, பெட்டியில் இருப்பதை ஒவ்வொரு ரகப் பெயரோடும் ஒப்பிட்டு, பொருந்தாததற்கு 'ஹிடன்' என்ற மறைக்கும் பண்பைப் போட வேண்டும். எந்தப் பயிற்சிப் பாடத்திலும் இது முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஆனால் அந்தப் பாடங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தை வைத்து எழுதியவை.

தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் எழுத்தாகவே தட்டும்போது எல்லாம் சரி. மச்சான் தட்டுவது ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாறும் விசைப்பலகை. அவர் 'கவுனி' என்று தேடும்போது பெட்டியில் வரிசையாக வருவதைப் பாருங்கள்: க், க, கவ், கவு, கவுன், கவுனி. நடுவில் 'கவ்' நிற்கிற கணத்தில், கவுனி என்ற சொல்லுக்குள் 'கவ்' எங்கும் இல்லை. பட்டியல் முழுதும் மறைகிறது. அடுத்த எழுத்தில் திரும்பி வருகிறது. அப்புறம் 'கவுன்', மறுபடி காலி. கடைசி எழுத்து வரும்வரை பொறுமையாக இருப்பவருக்குத்தான் நெல் கிடைக்கும்.

தீர்வு ஒரு வரிதான். ஒப்பிடுவதற்கு முன்னால், தேடும் சொல்லின் கடைசியில் புள்ளி இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட வேண்டும். 'கவ்' என்பது 'கவ' ஆகும், அது 'கவு'வுக்குள் இருக்கிறது. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'வு' என்பது 'வ'வும் உகரக் குறியும் தனித்தனியாக நிற்பதுதானே. 'சம்பா' என்று முழுதாகத் தேடுபவருக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை, நடுவில் இருக்கும் புள்ளியைத் தொடுவதே இல்லை.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் அணை திறக்கும் நாள். இன்று மச்சானைப் பிடிக்க முடியவில்லை.

கவுனி இன்னும் விடவில்லை. பட்டியலை ஆளுக்கொரு பகுதியாகத் தட்டியிருக்கிறார்கள். ஒருவர் கவுனி, இன்னொருவர் கௌனி, மூன்றாமவர் கெளனி. கடைசி இரண்டும் திரையில் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் ஒன்றில் இருப்பது ஔகாரக் குறி, மற்றதில் ஒற்றைக் கொம்பும் ள என்ற எழுத்தும். இதே போல 'சொர்ணமசூரி'யின் சொகரம் ஒரு இடத்தில் ஒரே குறியாகவும் இன்னொரு இடத்தில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருந்தது. இந்த இரண்டாவது சிக்கலுக்கு ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' இருக்கிறது, பிரிந்த கொம்பையும் காலையும் சேர்த்துவிடும். முதலாவதை அது தொடாது. ள என்பது அதன் கணக்கில் நிஜமான ள. ஆகவே ஒவ்வொரு ரகத்துக்கும் 'வேறு பெயர்கள்' என்று ஒரு பண்பு சேர்த்து, கௌனி, கெளனி, ஜீரகச் சம்பா எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டேன். தேடல் அதையும் பார்க்கும். கணினிக்கு எழுத்துப்பிழை திருத்தம் கற்றுக்கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜூன் 14, சனி

ஊர் வாரியாக வரிசை கேட்டார்கள். வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளையை மட்டும் போட்டால் மன்னார்குடி முதலில், மயிலாடுதுறை பின்னால். அகராதிப்படி ய முன், ன கடைசி. யூனிகோடு தமிழ்த் தொகுதி இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியீட்டின் வரிசையை ஒட்டி அமைந்தது. இந்தி எழுதும் தேவநாகரியின் வரிசைக்கு இணையாக வைத்ததில் ன போய் நகரத்துக்குப் பக்கத்திலும், ற போய் ரகரத்துக்குப் பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டன. மொழிக்கேற்ப வரிசைப்படுத்த உதவும் 'இன்டில் கொலேட்டர்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதிக்குத் தமிழின் குறியீட்டைக் கொடுத்து, அதை வைத்து ஒப்பிடச் சொன்னால் மயிலாடுதுறை தன் இடத்துக்கு வந்துவிடும். தமிழ்ப் பட்டியல் போடும் எத்தனையோ தளங்கள் இந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் ஓடுகின்றன. அழகை அறத்துக்குப் பின்னால் காட்டும் பக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 15, ஞாயிறு

கண் பார்வையில்லாத நண்பர் ஒருவர் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) வைத்துப் பார்த்துச் சொன்னார். டீடெயில்ஸ் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை அது தானாகவே சொல்கிறதாம். தேடும்போது பட்டியல் குறைவது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 'அவுட்புட்' டேக் ஒன்றை வைத்து, எத்தனை ரகம் பொருந்துகிறது என்பதை ஸ்கிரிப்ட் அதில் எழுதுகிற மாதிரி செய்தேன். அந்த டேக்கில் மாறுவதைத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும்.

ஜூன் 18, புதன்

வயலில் நெட் கிடைப்பதும் கிடைக்காததும் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்தது என்பார் மச்சான். ஆகவே நெல் விவரம் முழுதும் ஹெச்டிஎம்எல்லிலேயே இருக்கிறது. ஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டாலும் பட்டியலைப் படிக்கலாம், தொட்டு விரிக்கலாம். தேடல் பெட்டியும் செலக்டும் ஆரம்பத்தில் ஹிடனாக இருக்கும். ஸ்கிரிப்ட் ஓடினால் அதுவே ஹிடனை எடுத்துவிடும். வேலை செய்யாத பெட்டியைக் காட்டி யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட்டுக்கு 'டிஃபர்' போட்டிருக்கிறேன், பிரவுசர் பக்கம் முழுதையும் படித்த பிறகுதான் ஓடும்.

ஆர்டர் பட்டன் ஒன்று வேண்டும் என்று கூட்டாளிகளில் ஒருவர் கேட்டார். படிவம், பணம் கட்டுவது, அதற்கு ஒரு சர்வர் என்று நீளும் வேலை. விவசாயியின் எண்ணை 'டெல்' இணைப்பாக வைத்தேன், தொட்டால் நேரே டயலுக்குப் போகும். "வெலை பேசாம இங்க எவன் வெதை வாங்குறான்" என்று மச்சானே அவருக்குப் பதில் சொல்லிவிட்டார்.